நாம் சேர்ந்திருக்கும் கூட்டத்திற்கு என்ன பெயர்?

(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



"கிராம ஸ்தாபனங்களும் மக்கள் ஒத்துழைப்பும்" என்ற தலைப்பில் நான் பேசுவேன் என்று நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டிருக்கிறார்கள். ஒத்துழைப்பின் அவசியத்தைப் பற்றி நீங்கள் கேளாத பிரசங்கம் இல்லை. ஆதலால், அதை விடுத்து, நாம் கூடிச் செய்யும் காரியங்களுக்கு வைத்திருக்கும் பெயர்களைப் பற்றிச் சிறிது பேசலாம் என்று எண்ணுகிறேன். பெயரில் என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். என் மேஜைக்கு வரும் மனுக்களில் ஒரு நல்ல பகுதி, பெயரைச் சரியாக அறியாததால் வருகின்றவை என்பது என் அபிப்பிராயம்.

எமது வட்டாரத்தில் ஒரு விவசாயியிடம், "ஐயா, நீங்கள் எத்தனை அமைப்புகளில் அங்கத்தினர்?" என்று கேட்டேன். அவர் விரல் விட்டு எண்ணினார். கூட்டுறவுக் கடன் சங்கம், பால் உற்பத்தியாளர் சங்கம், ஏரி நீரைப் பயன்படுத்துவோர் சங்கம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், கோயில் திருவிழாக் கமிட்டி ஆகிய ஐந்து. அவருடைய மனைவியார் மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கிறார். இவற்றுக்குள் என்ன வித்தியாசம் என்று கேட்டதற்கு, "எல்லாம் சங்கந்தானே, ஐயா" என்றார். உற்பத்தியாளர் நிறுவனத்திற்கு அவர் ஆயிரம் ரூபாய் கட்டியிருந்தார். அது பங்குத் தொகை என்பதும், அதனால் தாம் அந்த நிறுவனத்தின் சொந்தக்காரர்களுள் ஒருவர் என்பதும் அவருக்குத் தெரியாது. விதைக்குக் கட்டிய முன்பணம் என்றே நினைத்திருந்தார். பொதுக்குழுக் கூட்டத்திற்கு அழைப்பு வந்தபோது, "விதையைக் கொடுத்துவிட்டார்கள், இனி எதற்குப் போக வேண்டும்?" என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்.

முதலில் கிராமம் என்ற சொல்லையே எடுத்துக் கொள்வோம். இது வடமொழியிலிருந்து வந்தது. மிகப் பழைய வேத காலத்து வழக்கில் அதற்கு இடம் என்று பொருள் இல்லை. ஒன்றாகச் சேர்ந்து செல்லும் மக்கள் கூட்டம் என்பதே பொருள். அந்தக் கூட்டம் தங்கிய இடத்திற்குப் பின்னர் அதுவே பெயராயிற்று. நமது "ஊர்" என்ற சொல்லிலும் இந்த இரட்டைப் பொருள் உண்டு. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் ஊர் என்பது வீடும் வயலும் மட்டுமன்று; நிலமுடைய வேளாண் மக்கள் கூடி முடிவு செய்த சபைக்கும் அதுவே பெயர். பிராமணர் குடியிருப்புகளில் இருந்தது சபை. வணிகர் ஊரில் இருந்தது நகரம். பல ஊர்கள் சேர்ந்தது நாடு.

இந்தக் கல்வெட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் உண்டு. நிலத்தை விற்றாலும், வரியைத் தள்ளினாலும், விளக்கெரிக்கப் பொன்னைப் பெற்றுக்கொண்டாலும் அவர்கள் "ஊரோம்", "சபையோம்", "நகரத்தோம்", "நாட்டோம்" என்றே பொறித்தார்கள். ஊராகிய நாங்கள் என்று பொருள். யார் செய்தது, யார் பொறுப்பு என்பது சொல்லின் கடைசி எழுத்துகளிலேயே அடங்கிவிடுகிறது. நமது தீர்மானப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். "ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்றிருக்கும். யாரால் தீர்மானிக்கப்பட்டது? தெரு விளக்குக்குப் பணம் செலவாகி, விளக்கு எரியாதபோது, தீர்மானித்தவர் யார் என்று தேடினால் ஒருவரும் அகப்படுவதில்லை. இலக்கணத்தில் செயப்பாட்டு வினை என்று ஒன்று உண்டு. அலுவலகங்களுக்கு அது மிகவும் சௌகரியமானது. என் அலுவலகத்தையும் சேர்த்தே சொல்லுகிறேன்.

அடுத்தது வாரியம். குடிநீர் வடிகால் வாரியம், மின் வாரியம் என்று நாம் கேட்டுப் பழகிய சொல். தலைநகரத்தில் பெரிய கட்டடமும் அதில் பல அதிகாரிகளும் உடைய ஒன்று என்றே நம் மனத்தில் தோன்றும். ஆனால் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இது முழுக்க முழுக்கக் கிராமத்துச் சொல். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919லும் 921லும் பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகள் உள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்று நாம் சொல்லும் வார்டு போன்றது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். இவ்வாறு வந்தவர்களிலிருந்து ஆண்டு வாரியத்திற்கு 12 பேர், தோட்ட வாரியத்திற்கு 12 பேர், ஏரி வாரியத்திற்கு 6 பேர் அமர்ந்தார்கள். பொன்னைச் சோதிக்கும் பொன் வாரியம், பஞ்சவார வாரியம் என்பனவும் இருந்தன. ஏரிக்கென்று தனியே ஒரு வாரியம் இருந்ததை விவசாயிகள் கவனிக்க வேண்டும். பதவிக் காலம் 360 நாட்கள். மூன்று ஆண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் மறுபடி வர இயலாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் தாமும் வரக்கூடாது; அவருடைய நெருங்கிய உறவினரும் வரக்கூடாது. தேர்தலில் நிற்பதற்கு மாமன், மைத்துனன் கணக்கையெல்லாம் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் இன்றைக்கு எத்தனை இடங்களுக்கு ஆள் கிடைக்கும் என்று சில சமயம் யோசிப்பதுண்டு.

இந்தக் கல்வெட்டை நாம் மேடைதோறும் புகழ்கிறோம். அதன் மற்றொரு பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று. குடத்தில் பெயர் இடுவதற்குக் கால் வேலிக்கு மேற்பட்ட வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். வேத சாஸ்திரம் கற்றிருக்க வேண்டும். அதிகம் கற்றவராயின் அரைக்கால் வேலி நிலமே போதும் என்ற சலுகையும் உண்டு. அது பிராமணர் ஊர். அதன் சபையில் பிறருக்கு இடமில்லை. பெண்களுக்கும் இடமில்லை. அந்த ஏரியில் மண் வெட்டிக் கரையிலே கொட்டியவர்களுள் எவருடைய பெயரும் அந்தக் குடத்திற்குள் போயிருக்க முடியாது.

இது பழங்கதை என்று எண்ண வேண்டா. எமது வட்டாரத்தில் ஓர் ஊர். நீர்வளத் துறையின் பொறுப்பிலுள்ள நடுத்தரமான ஏரி. தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு முறை மேலாண்மைச் சட்டம் 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன்படி அங்கே நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் அமைந்திருக்கிறது. பாசனப் பரப்பில் நிலம் உடையவர்கள் அதன் அங்கத்தினர்கள். கரையைப் பலப்படுத்தும் வேலை வந்தபோது, மாடுகள் நீர் குடிக்க இறங்கும் சரிவை மூடிக் கரையை ஒரே மட்டமாக உயர்த்திவிடுவது என்று சங்கத்தில் முடிவு செய்தார்கள். கரை உடையும் இடம் அதுதான் என்று அவர்கள் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் ஊரிலுள்ள கறவை மாடுகளில் பெரும்பாலானவை நிலமில்லாதவர் வீட்டு மாடுகள். அவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று விதியும் இல்லை. நான் அங்கே சென்றிருந்தபோது வயது முதிர்ந்த ஓர் அம்மையார் எழுந்தார். "பலகையில் நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் என்று எழுதியிருக்கிறது என்று பேத்தி படித்துச் சொன்னாள். என் இரண்டு மாடும் எந்த நீரைக் குடிக்கின்றன? நான் எந்த நீரில் துணி துவைக்கிறேன்? பயன்படுத்துவோர் என்றால் நாங்கள் யார்?" என்று கேட்டார்.

சட்டத்தில் அந்தப் பதத்திற்கு வரையறை இருக்கிறது. அதை நான் எடுத்துச் சொன்னேன். அவர் கேட்ட கேள்வி அதனால் தீர்ந்துவிடவில்லை. தமிழில் பார்த்தால் அவர் சொன்ன பொருள்தான் சரியான பொருள். அந்தச் சங்கத்திற்குப் "பாசன நிலமுடையோர் சங்கம்" என்று பெயர் இருந்திருந்தால், அவர் அன்றைக்கு வேறு வாசலைத் தட்டியிருப்பார். அந்த வாசல் எது என்று பின்னால் சொல்லுகிறேன்.

கடன் சங்கத்திற்கு வருவோம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்கு இருந்த பெயர் ஐக்கிய நாணய சங்கம் என்பது. பெரியவர்கள் சிலர் கேட்டிருக்கக்கூடும். சென்னை மாகாண அரசாங்கம் பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை நியமித்து, விவசாயிகளின் கடன் தொல்லைக்கு வழி தேடச் சொன்னது. 1895லும் 1897லும் அவருடைய அறிக்கை இரண்டு பாகங்களாக வெளிவந்தது. ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் அமைத்த கிராமச் சங்கங்களின் முறையை அவர் பரிந்துரைத்தார். ஒருவரையொருவர் முகம் பார்த்து அறிந்த சிறிய எல்லைக்குள் சங்கம் இருக்க வேண்டும். ஒருவர் கடனைச் செலுத்தத் தவறினால் எல்லோரும் பொறுப்பு என்பது அதன் சாரம். 1904இல் இந்தியாவின் முதல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் திருவள்ளூரை அடுத்த திரூரில் கடன் சங்கமும், சென்னைத் திருவல்லிக்கேணியில் பண்டசாலைச் சங்கமும் தோன்றின.

நாணயம் என்ற சொல்லுக்குக் காசு என்றும் பொருள். நேர்மை என்றும் பொருள். "அவர் நாணயஸ்தர்" என்கிறோமல்லவா? கடன் கொடுப்பதற்குப் பிணை நிலமன்று, அந்த மனிதரின் நாணயம் என்ற கருத்தை அந்தப் பெயர் ஒரே சொல்லில் காட்டிற்று. யார் முதலில் அப்படி மொழிபெயர்த்தாரோ, அவரை நான் மனமாரப் பாராட்டுகிறேன். பிற்காலத்தில் அதுவே தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் என்றாயிற்று. பெயர் நீண்டது, நாணயம் போய்க் கடன் வந்தது. உரமும் விதையும் வைப்புத் தொகையும் நகைக் கடனும் அங்கே நடைபெறுகின்றன. ஆயினும் கடன் வேண்டும்போது போகும் இடம் என்ற நினைப்பே நிலைத்துவிட்டது. "சங்கத்துப் பணம்" என்று சொல்லும்போது நம்மில் எத்தனை பேர் "நம் பணம்" என்று நினைக்கிறோம்? பங்குத் தொகை செலுத்தியவர் ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு வாக்கு உண்டு. நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒன்றுதான். ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒன்றுதான். கூட்டுறவு என்ற சொல்லின் உயிர் இந்த ஒரு விதியில் இருக்கிறது.

கழகம், குழு என்ற இரண்டு சொற்களின் வரலாறு வேடிக்கையானது. திருக்குறளில் சூது என்ற அதிகாரத்தில் கழகம் வருகிறது. அங்கே அது சூதாடும் இடம். இன்று பல்கலைக்கழகம் என்கிறோம். நெல் கொள்முதல் செய்வது நுகர்பொருள் வாணிபக் கழகம். குழு என்பதை வள்ளுவர் நாடு என்ற அதிகாரத்தில் நாட்டைக் கெடுப்பவற்றுள் ஒன்றாக வைத்தார். கோஷ்டி என்று நாம் சொல்லுவதற்கு நெருங்கிய பொருள் அங்கே அதற்கு உண்டு. சிலப்பதிகாரத்தில் அரசனுக்குத் துணை நிற்கும் ஐம்பெருங்குழு வருகிறது. அது கௌரவமான பொருள்.

இவ்வாறு இரு பக்கமும் சாய்ந்து கிடந்த சொல்லுக்குக் கிராமத்தில் ஒரு புது மதிப்பை உண்டாக்கியவர்கள் பெண்கள். 1989இல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் மகளிர் குழுக்கள் தொடங்கப்பட்டன. 1992இல் நபார்டு வங்கி நாடு முழுவதும் 500 குழுக்களை வங்கிகளுடன் இணைத்துப் பார்க்கும் முயற்சியைத் தொடங்கியது. இருபது பேருக்கு மிகாத கூட்டம். பதிவு அலுவலகத்திற்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. வாரந்தோறும் சேமிப்பு, வாரந்தோறும் கணக்கு. "இன்று குழு இருக்கிறது" என்றால் ஊரில் யாவருக்கும் விளங்குகிறது. ரைபைசன் வேண்டிய முகம் பார்த்து அறியும் நெருக்கம், என் பார்வையில், இன்று கடன் சங்கத்தைவிட இங்கேதான் மிகுதியாக இருக்கிறது. இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. குழுவைக் கடன் வாங்கும் கருவியாக மட்டும் நடத்தினால், நாணய சங்கத்திற்கு நேர்ந்தது இதற்கும் நேரும். தவணை வசூலுக்கு மட்டும் கூடும் குழுக்கள் சிலவற்றை நான் இப்போதே காண்கிறேன்.

சட்டம் எதுவும் எழுதாமல் மக்கள் தாமே வைத்துக்கொண்ட பெயர்களும் உண்டு. இவற்றை அதிகாரிகள் அற்பமாக எண்ணக்கூடாது. விருதுநகர், சிவகாசிப் பக்கத்து வணிகர்கள் விற்கும் சரக்கின்மேல் தாங்களே ஒரு சிறு தொகையை விதித்துப் பொது நிதியில் சேர்த்தார்கள், அது மகமை. வீட்டுக்கு ஒரு பிடி அரிசி எடுத்து வைத்துப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள், அது பிடியரிசி. பிரான்மலைக் கோயிலின் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டிலும் வணிகர்கள் சரக்குகளின்மேல் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கட்டணங்கள் காணப்படுகின்றன. புதுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் மொய் விருந்து நடக்கிறது. பழவேற்காட்டு ஏரியில் மீனவர்கள் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை இடுவது என்று முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். மீன் பாடும் அதுவே, படுகின்ற பாடும் அதுவே போலும்! உழவர்களுக்கும் அத்தகைய பெரிய கூட்டம் ஒன்று முன்னாளில் இருந்தது. சித்திரமேழிப் பெரியநாட்டார் என்பது பெயர். மேழி, அதாவது கலப்பை, அவர்களுடைய சின்னம். தமிழ்நாட்டின் எல்லைக்கு வெளியேயும் அவர்களுடைய கல்வெட்டுகள் உள்ளன.

குடிமராமத்து என்ற சொல்லையும் இங்கே சேர்க்க வேண்டும். குடி தமிழ், மராமத்து அரபியிலிருந்து வந்தது. ஏரியையும் வாய்க்காலையும் குடிமக்களே செப்பனிட்டுக் கொள்ளுதல் என்பது பொருள். 1858இல் சென்னை மாகாணத்தில் வந்த சட்டம் இந்தப் பழக்கத்தைக் கட்டாய வேலையாக எழுதிவைத்தது. கட்டாயம் வந்தது, மனம் வரவில்லை. 2017இல் அந்தப் பெயரை மீட்டு அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதில் பாசன விவசாயிகளின் பங்கு வேண்டும் என்று விதி வைத்தார்கள். குடிகள் முன்வந்த ஊர்களில் பெயருக்கேற்ற வேலை நடந்தது. குடிகளின் பெயரில் ஒப்பந்தக்காரர் செய்த ஊர்களில் மராமத்து மட்டும் நடந்தது.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். 2002இல் கம்பெனிச் சட்டத்தில் செய்த திருத்தத்தால் இது பிறந்தது. பத்துப் பேர் உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் பதிவு செய்யலாம். கம்பெனி என்று பெயர் இருப்பதால் பணக்காரர் கையில் போய்விடும் என்று அஞ்சவேண்டுவதில்லை. தனி விவசாயிகள் சேர்ந்த நிறுவனத்தில் இங்கும் ஆளுக்கு ஒரு வாக்குத்தான். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கைக் கேட்கும் உரிமை உங்களுடையது. ஆயிரம் ரூபாய் கட்டிய நண்பர் இப்போது அதை அறிவார். பயனாளி என்று ஒரு சொல் நம்முடைய படிவங்களில் எங்கும் வருகிறது. பயனாளிக்குக் கணக்குக் கேட்கும் இடமில்லை. வாங்கிக்கொண்டு கையெழுத்திட வேண்டியதுதான். பங்குதாரர் என்றோ அங்கத்தினர் என்றோ எழுதியிருக்கும் தாளில் கையெழுத்திடும்போது அந்த ஒரு சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டு இடுங்கள்.

இனி, அந்த அம்மையார் தட்ட வேண்டிய வாசல். அது கிராம சபை. 1992இல் அரசியலமைப்பில் செய்யப்பட்ட 73ஆம் திருத்தமும், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அதற்கு இடம் அளித்தன. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் அங்கத்தினர். நிலம் வேண்டா, பங்குத் தொகை வேண்டா, சந்தா வேண்டா. நான் இதுவரை சொன்ன பெயர்களுக்குள் ஊரில் வயது வந்த ஒருவரையும் வெளியே நிறுத்தாத பெயர் இது ஒன்றுதான். ஊராட்சி மன்றம் வேறு, கிராம சபை வேறு என்பதை உறுப்பினர்களாகிய நீங்கள் மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். மன்றம் நீங்கள், சபை அவர்கள்.

பாசனச் சங்கத்தின் அதிகாரத்தைக் கிராம சபை எடுத்துக்கொள்ள முடியாது. மடை திறப்பதும் முறை வைப்பதும் சங்கத்தின் வேலை. ஆனால் ஊர்ப் பொதுவாக மாடு இறங்கும் துறையைப் பற்றித் தீர்மானம் இயற்றித் துறைக்கும் சங்கத்திற்கும் அனுப்ப அதற்கு உரிமை உண்டு. வேளாண்மையையும் நீர்வளத்தையும் கவனிக்கும் ஊராட்சிக் குழுவில் அந்த அம்மையார் போன்ற ஒருவரை அழைத்து உட்கார வைப்பதையும் யாரும் தடுக்கப் போவதில்லை. சங்கத்தின் தலைவர் இதற்கு முதலில் இணங்கவில்லை. "எங்கள் வரப்புக்கு அவர்கள் யோசனை சொல்வதா?" என்றார். இப்போது சரிவைக் கல் பாவி அகலத்தைக் குறைத்து வைக்கலாம் என்ற பேச்சு நடக்கிறது. பொறியாளர் மதிப்பீடு தயாரித்துக்கொண்டிருக்கிறார். வேலை நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.

அந்த ஊரின் அடுத்த கிராம சபை அக்டோபர் 2ஆம் தேதி கூடுகிறது. பொருள் நிரலில் மாட்டுத் துறை மூன்றாவதாக இருக்கிறது. தீர்மானத்தின் வாசகத்தை எழுதித் தரும்படி ஊராட்சிச் செயலர் என்னைக் கேட்டார். முடிவு எதுவாயினும், வாசகத்தை "கிராம சபையினராகிய நாங்கள்" என்று தொடங்கும்படி மட்டும் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.